கரிசல் கொல்லையும் செம்மண் கொல்லையும்

பெரம்பலூர் மாவட்டம் குன்னம் பக்கத்தில் எங்கள் அம்மா வீடு. அரியலூர் மாவட்டம் ஆண்டிமடம் பக்கத்தில் அக்கா வாக்கப்பட்ட வீடு. பொங்கல் முடிந்ததும் அம்மா வீட்டுக் கொல்லையில் ஒரு வாரம் மண்வெட்டி பிடிப்பேன். மாசி பிறந்ததும் அக்கா வீட்டில் ஒரு வாரம். பத்துப் பன்னிரண்டு வருடமாக இதுதான் வழக்கம். முதல் மூன்று வருடம் இரண்டு கொல்லையிலும் ஒரே வேலையை ஒரே மாதிரி செய்தேன். ஆழக் கொத்தினேன், குப்பை எருவைக் கொட்டினேன், சருகைக் கூட்டிக் கொளுத்தினேன், நாற்றுப் பண்ணையில் வாங்கிய கன்றுகளை இரண்டு இடத்திலும் நட்டேன். குன்னத்தில் வைத்த மாங்கன்று கார்த்திகை மழையில் வேர் அழுகியது. ஆண்டிமடத்தில் வைத்த எலுமிச்சை சித்திரை வெயிலில் கருகியது. விற்றவர் இரண்டுக்கும் ஒரே பக்குவம்தான் சொல்லியிருந்தார். எந்த மண்ணில் வைக்கப்போகிறேன் என்று அவர் கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை.

இரண்டு ஊருக்கும் இரண்டு மணி நேரப் பயணம். வானம் ஒன்று, மழைக்காலம் ஒன்று. 1995இல் திருச்சி மாவட்டத்திலிருந்து பிரிந்தபோது இரண்டும் பெரம்பலூர் என்ற ஒரே மாவட்டம். அரியலூர் 2001இல் தனியானது, 2002இல் மீண்டும் சேர்க்கப்பட்டது, 2007இல் மறுபடி பிரிந்தது. இந்தக் கோடுகளை எப்படி மாற்றி வரைந்தாலும் மண் தன் எல்லையைத் தானே வைத்துக்கொண்டிருக்கிறது. பேருந்தில் சன்னலோரம் உட்கார்ந்து போனால் கறுப்பு மங்கி, சாம்பலாகி, ஓரிடத்தில் வெள்ளை வெள்ளையாகக் கல் தெரிந்து, செயங்கொண்டத்தைத் தாண்டும்போது சிவப்பாக மாறுவதைக் கண்ணால் பார்க்கலாம்.

பழைய பெரும்பொழுதுக் கணக்கில் மாசியும் பங்குனியும் பின்பனி, சித்திரையும் வைகாசியும் இளவேனில். குளிர்நாட்டுக்காரர்கள் வசந்தத்துக்குத் தோட்டம் தயாரிப்பது என்றால் பனி உருகி மண் இளகுவதற்குக் காத்திருந்து, பிறகு விதைக்கத் தொடங்குவது. அவர்களுக்கு வசந்தம் வரவு. நமக்கு அது செலவுக் காலம். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பெய்த மழை மண்ணுக்குள் வைத்துவிட்டுப் போன ஈரம்தான் கையிருப்பு. நடுவில் ஒரு கோடை மழை கிடைத்தால் அதிர்ஷ்டம். வேம்பு பூப்பதும் புங்கன் துளிர்ப்பதும் மாவும் முருங்கையும் காய்ப்பதும் அந்தக் கையிருப்பை நம்பித்தான். ஆகவே தையிலும் மாசியிலும் கொல்லையில் செய்கிற வேலை முழுவதும் ஒரே கேள்விக்குப் பதில்: இந்த ஈரம் எந்த வழியாக ஓடிப்போகப் போகிறது? குன்னத்திலும் ஆண்டிமடத்திலும் அந்த வழி வேறு வேறு.

கரிசலில் ஈரம் மேலே போகிறது. பக்கவாட்டிலும் போகிறது. கரிசல் களி தண்ணீர் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். பங்குனியில் அம்மா வீட்டுக் கொல்லையில் விழுகிற வெடிப்பில் என் கை முழங்கை வரை நுழையும். ஒவ்வொரு வெடிப்பும் ஒரு சுவர் மாதிரி. அதன் இரண்டு பக்கமும் வெயிலும் காற்றும் உள்ளே புகுந்து ஆழத்து ஈரத்தை இழுத்துக்கொண்டு போகும். போதாததற்கு, மண் பிளக்கும்போது நடுவில் கிடக்கிற சல்லி வேர்களையும் அறுத்துவிடும். அதற்குப்பின் குடம் குடமாக ஊற்றினாலும் தண்ணீர் வேருக்கு நிற்காமல் வெடிப்பில் இறங்கிக் காணாமல் போகும். கரிசலில் தண்ணீர் நிறைய நிற்கும் என்பது உண்மை. ஆனால் அதில் ஒரு பகுதியைக் களி அவ்வளவு இறுகப் பிடித்துக்கொள்கிறது. செடியால் அதை உறிஞ்ச முடியாது. கையில் பிசுபிசுவென்று ஈரம் தெரியும், செடியோ வாடி நிற்கும்.

எனவே இங்கே முதல் வேலை வெடிப்பு விழாமல் பார்ப்பது. தை முதல் பாதியில், மேல்மண் பதத்தில் இருக்கும்போது, களைக்கொத்தால் இரண்டு மூன்று விரல் ஆழத்துக்கு மட்டும் கொத்திப் பொடியாக்கிப் பரப்பிவிட வேண்டும். ஒரு பிடி எடுத்து அழுத்தினால் உதிர வேண்டும், உருட்டினால் உருண்டையாக நிற்கக் கூடாது. அதுதான் பதம். மேலே கிடக்கிற அந்தப் பொடி கீழே விழத் தொடங்குகிற சன்னமான பிளவுகளை மூடிக்கொண்டே இருக்கும். பதம் வருவதற்கு முன்பே இறங்கினால் சேறு மிதித்த மாதிரி, காய்ந்ததும் பாளம் பாளமாகிவிடும். தாமதித்தால் கடப்பாறைதான் இறங்கும், வருவதும் செங்கல் செங்கலாகக் கட்டி. எங்கள் கொல்லையில் இடைப்பட்ட அந்த நல்ல நாட்கள் பத்தைத் தாண்டியதில்லை. ஒரு வருடம் சென்னையிலிருந்து தாமதமாகப் போனேன். அம்மா திண்ணையிலிருந்தே சொன்னார்: "இனிமே கொத்தாத, மேல போத்திவுடு." கரிசலைப் பற்றி எந்தப் புத்தகமும் எனக்கு இவ்வளவு சுருக்கமாகச் சொல்லித்தரவில்லை.

செம்மண்ணில் ஈரம் கீழே போகிறது. ஆண்டிமடம், செயங்கொண்டம், செந்துறைப் பக்கத்துச் செம்மண் மணல் கலந்தது. பண்ருட்டி, விருத்தாசலம் வரை நீள்கிற அதே செம்மண் மேட்டின் தொடர்ச்சி. முந்திரிக்கும் பலாவுக்கும் பேர்போன மண். தண்ணீர் விட்ட வேகத்தில் உறிஞ்சும், உறிஞ்சிய வேகத்தில் கீழே விட்டுவிடும். ஈரத்தோடு சேர்த்து எருவின் சத்தையும் கரைத்து அனுப்பிவிடும். வெடிப்பு விழாது. மழை அடித்து ஓய்ந்ததும் மேலே மெல்லிய ஓடு மாதிரி இறுகும், அவ்வளவுதான். அந்த ஓட்டை மேலோட்டமாகக் கிளறிவிட்டால் போதும். நான் குன்னத்துப் பழக்கத்தில் மும்முரமாகக் கொத்தியபோது அக்காவின் மாமியார் வந்து நிறுத்தினார். "தம்பி, அது கொத்துற மண்ணு இல்லப்பா. அதுக்குச் சோறு போடணும்."

சோறு என்று அவர் சொன்னது மக்கிய பொருளை. சாணி எரு, மக்கிய இலை, ஆட்டுப் புழுக்கை, எதுவானாலும் சரி. மணல்பாங்கான மண்ணில் தண்ணீரைப் பிடித்து வைக்க வேறு எதுவும் இல்லை. எருவைக் குவியலாக வைக்காமல், மரத்தின் கிளை நுனி எவ்வளவு தூரம் விரிந்திருக்கிறதோ அந்த வட்டத்தில் ஒரு சாண் ஆழத்துக்குக் கலந்துவிட வேண்டும். உறிஞ்சுகிற வேர்கள் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான். கூடவே வேப்பம் புண்ணாக்கு. செம்மண்ணில் கறையான் தொல்லை அதிகம், உலர்ந்த எருவையும் சருகையும் தேடி வரும்.

தண்ணீர் விடுவதிலும் இரண்டும் எதிரெதிர். அக்கா வீட்டில் இளங்கன்றுக்கு மூன்று நான்கு நாளைக்கு ஒருமுறை ஒரு குடம். அம்மா வீட்டில் பத்துப் பன்னிரண்டு நாளைக்கு ஒருமுறை நாலைந்து குடம், அதுவும் ஒரேயடியாகக் கொட்டாமல் நிதானமாக. கன்றுக்குப் பக்கத்தில் சிறிய வாயுள்ள மண்பானையைப் புதைத்துத் தண்ணீர் நிரப்பி வைக்கிற முறை செம்மண்ணில் அருமையாக வேலை செய்தது. பானையின் மேனியிலிருந்து கசிகிற ஈரத்தை வேர் தேடி வந்து சுற்றிக்கொண்டது. அதே பானையைக் குன்னத்தில் புதைத்தேன். பங்குனியில் மண் பானையை விட்டு விலகிச் சுற்றிலும் ஒரு விரல் இடைவெளி விழுந்துவிட்டது. கசிந்த ஈரம் அந்த இடைவெளியோடு நின்றது.

மூடாக்கு மட்டும் இரண்டுக்கும் பொது. கரிசலில் வெயிலை மறைத்து வெடிப்பைக் குறைக்கும், செம்மண்ணில் சூட்டைத் தணித்து மெல்ல மக்கி மண்ணுக்கே உணவாகும். ஆனால் மூடுகிற பொருள் ஊருக்கு ஊர் வேறு. பெரம்பலூர் மக்காச்சோளமும் பருத்தியும் விளைகிற ஊர். வேப்பந்தட்டையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பருத்தி ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. தை, மாசியில் மக்காச்சோளத் தட்டை மலிவாகக் கிடைக்கும். மாட்டுக்குப் போக மிஞ்சியதை ஒரு முழத் துண்டாக நறுக்கி மரத்தடியில் பரப்பலாம். பருத்திமாரில் மட்டும் கவனம் வேண்டும். காய்ந்த மாரில் ஒட்டியிருக்கிற வெடிக்காத காய்க்குள் இளஞ்சிவப்புக் காய்ப்புழு உறங்கும். அப்படியே கொண்டுவந்து கொல்லையில் போட்டால் அடுத்த பட்டத்துக்கு அக்கம்பக்கத்துப் பருத்திக்கு நாமே புழு வளர்த்த மாதிரி. காயை எல்லாம் உருவி அழித்துவிட்டு, மாரைத் தூளாக்கி மக்கவைத்துத்தான் போட வேண்டும்.

ஆண்டிமடத்தில் முந்திரிச் சருகு தேடாமலே கிடைக்கிறது. தடித்த இலை, மெதுவாக மக்கும், காற்றில் எளிதில் பறக்காது. கடலைத் தோலும் கிடைக்கும். எங்கே மூடாக்குப் போட்டாலும் அடிமரத்தை ஒட்டி ஒரு சாண் விட்டுவிடுங்கள். தண்டைத் தொட்டுக்கொண்டு கிடந்தால் அழுகலும் கறையானும் வரும். வாசற்படி, குளியலறைப் பக்கத்தில் போடவே வேண்டாம். கரிசல் வெடிப்புக்குள் தேளும் விரியனும் இருப்பதைப் பார்த்து வளர்ந்தவன் சொல்கிறேன்.

இந்த இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு மண் இருக்கிறது. அதை விட்டுவிட்டு இந்த ஒப்பீட்டை முடித்தால் அரியலூர் நகரத்தையும் அதைச் சுற்றியுள்ள ஊர்களையும் ஒதுக்கியதாகிவிடும். அங்கே குழி தோண்டினால் இரண்டடியில் சுக்கான் என்கிற சுண்ணாம்புக் கல், சில இடங்களில் கல்லாகிப்போன சிப்பி. டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸ் காலத்தில் கடல் இங்கே வந்து நின்றது. அந்தக் கடல் விட்டுச்சென்ற படிவங்களை 19ஆம் நூற்றாண்டிலேயே நிலவியலாளர்கள் ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று தொகுதிகளாகப் பிரித்து எழுதிவைத்தார்கள். பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் 18 மீட்டருக்கு மேல் நீளமாகக் கல்லாகிக் கிடக்கிற மரம் சுமார் 12 கோடி ஆண்டுப் பழமை. 1940இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் எம். எஸ். கிருஷ்ணன் அதை உலகுக்கு அறிவித்தார். காரை கிராமத்துக் களிமேடுகளில் இன்றும் ஜிப்சம் தகடுகள் வெயிலில் மின்னுகின்றன. அரியலூரில் இத்தனை சிமெண்ட் ஆலைகள் எழுந்ததும் அந்தக் கடலின் சுண்ணாம்பை நம்பித்தான்.

அதே சுண்ணாம்பு கொல்லையில் இன்னொரு விதமாக முகம் காட்டும். மாசியில் புதுத்துளிர் வரும்போது கொய்யா, எலுமிச்சை, செம்பருத்தி, மல்லிகை எல்லாவற்றிலும் இளம் இலை மஞ்சளாக, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். பலர் உடனே யூரியாவைத் தூவுகிறார்கள். தழைச்சத்துக் குறைவென்றால் மஞ்சள் முதலில் அடி இலையில், முதிர்ந்த இலையில் தெரியும். நுனித்துளிர் மஞ்சளாகி அடி இலை பச்சையாக இருந்தால் பெரும்பாலும் அது இரும்புச்சத்துக் குறை. மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை. சுண்ணாம்பு அதைக் கரையவிடாமல் பூட்டி வைத்திருக்கிறது. நாட்டு மருந்துக்கடையில் அன்னபேதி என்று கேட்டால் கிடைப்பதும் உரக்கடையில் பெரஸ் சல்பேட் என்று விற்பதும் ஒன்றுதான். அதை மண்ணில் போட்டால் அதுவும் பூட்டப்பட்டுவிடும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் கரைத்து, அரை மூடி எலுமிச்சைச் சாறு சேர்த்து, வெயில் தாழ்ந்தபின் இலையின் இருபுறமும் நனைகிறபடி தெளியுங்கள். பத்து நாள் இடைவெளியில் இரண்டு மூன்று தடவை. புது இலை பச்சையாக விரிவதை நீங்களே பார்ப்பீர்கள். சுண்ணாம்பு நிலத்துக் கொல்லையில் சாம்பலும் துணி துவைத்த தண்ணீரும் வேண்டாம். இருக்கிற காரம் போதும்.

சிமெண்ட் ஆலை லாரிகள் ஓடுகிற சாலையோர வீடுகளுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. இலைமேல் படிகிற வெள்ளைத் தூசி பின்பனியில் நனைந்து மெல்லிய பூச்சாக ஒட்டிக்கொள்ளும். வெளிச்சமும் காற்றும் இலைக்குக் கிடைக்காது. வாரம் ஒருமுறை விடியற்காலையில் நல்ல தண்ணீரைப் பீய்ச்சி இலையைக் கழுவிவிட்டால் பூ பிடிக்கிற காலத்தில் வித்தியாசம் தெரியும். சாலை ஓரமாக ஒரு வரிசை புங்கனும் வேம்பும் நின்றால் பாதித் தூசி அங்கேயே தங்கிவிடும். இந்தச் செலவை வீட்டுக்காரர்கள் மட்டுமே சுமப்பது நியாயமில்லை என்பது என் எண்ணம்.

எந்த மரம் என்பதைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. கரிசலில் வேம்பு, புங்கன், நாவல், புளி, கருவேலம் தாங்கும். எலுமிச்சையும் கொய்யாவும் மேடுகட்டி வைத்தால் வரும். முருங்கையைப் பள்ளத்தில் வைத்தால் கார்த்திகையில் அழுகும். செம்மண்ணில் மா, பலா, முந்திரி, சீத்தா, முருங்கை எல்லாம் சுகமாக வளரும். கரிசலில் வீட்டுச் சுவரை ஒட்டி மட்டும் எந்தப் பெரிய மரமும் வேண்டாம், சுவரோரத்தில் தண்ணீர் பாய்ச்சவும் வேண்டாம். ஒரு பக்கம் மண் உப்பி மறுபக்கம் சுருங்கினால் அஸ்திவாரம் அசையும். பழைய கரிசல் வீடுகளில் சுவரைச் சுற்றி நாலைந்து அடிக்குச் செடியே இல்லாமல், தண்ணீர் வெளியே ஓடுகிற வாட்டத்தோடு மண்ணைக் கெட்டித்து வைத்திருப்பார்கள். அழகு தெரியாதவர்கள் என்று சின்ன வயதில் நினைத்தேன். வீட்டைக் காப்பாற்றத் தெரிந்தவர்கள்.

பூச்செடியில் மண்ணைவிட நாள்தான் முக்கியம். குண்டுமல்லிக்கு நவம்பர் கடைசி வாரம் கவாத்து, ஜாதிமல்லிக்கு டிசம்பர் கடைசி, முல்லைக்கு சனவரி கடைசி. பொங்கலுக்கு வீட்டைச் சுத்தம் செய்கிற வேகத்தில் எல்லாவற்றையும் ஒன்றாக வெட்டுகிறவர்கள் குண்டுமல்லியின் பங்குனிப் பூவைத் தள்ளிப்போட்டுவிடுகிறார்கள். மாமரத்தையும் முந்திரியையும் மாசியில் தொடவே கூடாது, பூவும் பிஞ்சுமாக இருக்கும். பூவெடுத்த முந்திரியில் தேயிலைக் கொசுவின் கறுப்புக் கருகல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

மண்ணை மாற்ற நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பெரம்பலூர் நகரத்தில் புது வீடு கட்டுகிறவர்கள் லாரியில் செம்மண் வரவழைத்துக் கரிசல்மேல் ஓரடிக்குக் கொட்டி நிரவுகிறார்கள். முதல் வருடம் பச்சைப்பசேலென்று இருக்கும். பிறகு வேர் அந்த ஓரடிக்குள்ளேயே சுற்றிச்சுற்றி வரும். மழையில் செம்மண்ணில் இறங்குகிற தண்ணீர் கீழே களியில் முட்டி நிற்கும், வேர் ஊறும். மண்ணை மாற்றத்தான் வேண்டுமென்றால் மூன்றடிக்கு மூன்றடி குழி எடுத்து, எடுத்த கரிசலோடு செம்மண்ணையும் மணலையும் எருவையும் கலந்தே நிரப்ப வேண்டும், அடுக்கடுக்காகப் போடக்கூடாது. செம்மண் கொல்லைக்கு இதற்கு நேர்மாறாகக் களி வேண்டும். ஏரி வண்டல்தான் மருந்து. பங்குனி, சித்திரையில் ஏரி வற்றும்போது அரை அங்குலக் கனத்துக்குத் தூவி, எருவோடு கலந்துவிட்டால் ஈரம் நிற்கும். உழவர்களும் மண்பாண்டத் தொழிலாளர்களும் வண்டல் எடுக்க வட்டாட்சியரிடமே அனுமதி பெறும் வசதி 2024இல் வந்தது. அக்கா வீட்டுக் கொல்லையில் ஒரே ஒரு டிராக்டர் லோடு வண்டலால் இரண்டு வாழை கோடையைத் தாண்டின.

எது எளிது என்று கேட்டால், செம்மண் எளிது. அது கேட்பதெல்லாம் எருவும் சருகும்; என்றைக்குக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும். கரிசல் நாள் பார்க்கும். பத்து நாளைத் தவறவிட்டால் அந்த வருடத்துக்கு மன்னிக்காது. ஆனால் பிடித்துவிட்டால் அதுபோல ஈரம் தருகிற மண் வேறில்லை. அம்மா வீட்டு நாவல் எந்தத் தண்ணீரும் விடாமல் பல கோடைகளைத் தாண்டி நிற்கிறது. சுக்கான் நிலம்தான் மூன்றிலும் கடினம், அதற்கு வருடா வருடம் பார்த்துப் பார்த்துச் செய்ய வேண்டும். சந்தேகமிருந்தால் பெரம்பலூர்க்காரர்களுக்கு வாலிகண்டபுரத்திலும் அரியலூர்க்காரர்களுக்குச் சோழமாதேவியிலும் வேளாண் அறிவியல் மையங்கள் இருக்கின்றன. ஒரு கிலோ மண்ணைப் பையில் போட்டு எடுத்துப்போய்க் கேளுங்கள்.

கடைசியாக ஒன்று. இரண்டு மாவட்டத்திலும் மாசியில் மாலையானால் புகை எழுகிறது. கரிசல் காட்டில் தட்டை எரிகிறது. முந்திரித் தோப்பில், விழுகிற கொட்டை கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று சருகைக் கூட்டிக் கொளுத்துகிறார்கள். கூட்டத்தான் வேண்டும், அதில் தவறில்லை. கூட்டியதை மரத்துக்கு நாலடி தள்ளி ஒரு குழியில் போட்டுச் சாணிக்கரைசல் தெளித்து மண்ணால் மூடிவையுங்கள். அடுத்த தைக்கு அது எருவாகியிருக்கும். இந்த மாசியில் உங்கள் கொல்லையில் தீ வைக்காதீர்கள்.